சலாவை 49க்கு விட்ட கதை: வெள்ளவத்தை மேல்மாடியில் நடந்த ஒரு ஃபேன்டசி ஏலத்தின் கணக்கு

2024 ஓகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்றேகால் இருக்கும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நண்பன் வீட்டு மேல்மாடியில் எட்டுப் பேர் இருக்கிறோம். இங்கிலாந்துப் பிரீமியர் லீக் உதைபந்தாட்ட வீரர்களை ஏலத்தில் எடுத்து ஆளுக்கு ஒரு கற்பனை அணி சேர்ப்போம், நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி, இதுதான் எங்கள் ஃபேன்டசி லீக். ஏலத்துக்கு வந்த இரண்டாவது பெயர், அன்று லிவர்பூலுக்கு ஆடிய மொஹமட் சலா. விலை 48 வரை ஏறிவிட்டது, அந்த 48 நான் கேட்டது. பம்பலப்பிட்டிக்காரன் 49 என்றான். அந்த நேரம் பார்த்து கீழே கரையோர ரயில் போனது. ஏலம் கூறிக்கொண்டிருந்த மாமா, சத்தம் அடங்கட்டும் என்று கையைத் தூக்கி நிறுத்தினார். அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த அரை நிமிஷத்தில் நான் ஒவ்வொருவருக்கும் விலை எழுதிக் கொண்டுவந்த என் தாளைப் பார்த்தேன்: பாமர், சாகா, ஃபோடன், சன் எல்லோரும் இன்னும் வரவில்லை, நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், அவசரப்பட வேண்டாம் என்று மனம் சொன்னது. ரயில் போனதும் மாமா ஒருதரம் என்றார், இரண்டுதரம் என்றார், நான் பேசாமல் இருந்தேன். சலா 49க்குப் போனார்.

என் தாளில் சலாவுக்கு எதிரே நானே எழுதியிருந்த விலை 54.

அந்த சீசனில் சலா 29 கோல் அடித்து 18 கோலுக்கு உதவி, பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஃபேன்டசி விளையாட்டில் 344 புள்ளி எடுத்தார். பம்பலப்பிட்டிக்காரன் எங்கள் லீக்கை வென்றான், நான் 61 புள்ளி குறைவாக இரண்டாவது. ஆனால் நான் இதை எழுதுவது அந்த 344க்காக இல்லை. 344 வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 54 என்று எழுதிவிட்டு 48இல் நின்றேனே, அது ஏன் என்பதையும், அந்த 54உம் சரியான விலைதானா என்பதையும் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைய 120 விலையும் என் கொப்பியில் இருக்கிறது. அதை ஒரு வருஷத்துக்குப் பிறகு எடுத்து வைத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போட்டபோது, நான் நினைத்துக்கொண்டிருந்ததும் உண்மையில் நடந்ததும் வேறு வேறாக இருந்தன.

முதலில் விதிகள், தெரியாதவர்களுக்காக. பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ விளையாட்டில் எல்லோருக்கும் 100 மில்லியன் பவுண் தருவார்கள், வீரர்களின் விலையை அவர்களே வைப்பார்கள், மான்செஸ்டர் சிட்டியின் ஃபோர்வர்ட் ஹாலண்டை எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் லீக் அப்படி இல்லை. ஒரு வீரர் எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான். ஆளுக்கு 200 ரூபா, அது நிஜக் காசு இல்லை, அமெரிக்க ஃபுட்போல் லீக்கான என்எஃப்எல்லின் ஃபேன்டசி ஏலங்களில் வழக்கமாக 200 டொலர் கொடுப்பார்கள், அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இந்த 200க்குள் பதினைந்து பேரை வாங்க வேண்டும்: இரண்டு கோல் காப்பாளர், ஐந்து டிஃபெண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், மூன்று ஃபோர்வர்ட். குறைந்த விலை ஒரு ரூபா. புள்ளிகளை அதிகாரபூர்வ விளையாட்டிலிருந்து எடுக்கிறோம், அதாவது ஃபோர்வர்ட் கோல் அடித்தால் 4, மிட்ஃபீல்டர் அடித்தால் 5, டிஃபெண்டர் அடித்தால் 6, உதவிக்கு 3, கோல் வாங்காவிட்டால் டிஃபெண்டருக்கும் காப்பாளருக்கும் 4. ஒவ்வொரு வாரமும் பதினொரு பேருடைய புள்ளிதான் எண்ணப்படும். ஏலத்தில் விற்காமல் மிஞ்சியவர்களிலிருந்து கிழமைக்கு ஒருவரை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி இரண்டு விதிகளையும் ஞாபகத்தில் வைத்திருங்கள், நான் அன்று அவற்றை மறந்துதான் கணக்குப் போட்டேன்.

ஏலம் கூறிய மாமா என் அம்மாவின் தம்பி. கொழும்பில் தேயிலைத் தரகர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, கிழமைதோறும் நடப்பது. 2020இல் கொரோனா வந்தபோது அது கணினிக்கு மாறியது. மாமா அதற்கு முந்திய காலத்து ஆள், மண்டபத்தில் குரல் கொடுத்துக் கேட்டு சுத்தியல் தட்டிய காலம். உதைபந்தாட்டத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது, யார் யார் என்றே தெரியாது, அதனால்தான் அவரைப் பிடித்தோம். யார் பக்கமும் சாயமாட்டார். பெயரைச் சொன்னால் ஏலத்துக்கு வரும் தேயிலைத் தொகுதியின், அதாவது லொட்டின், இலக்கம் போல ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்.

நானும் தேயிலையில்தான், ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில், வாங்கும் பக்கம். ஏலத்துக்கு முன்னமே மாதிரிகள் வந்துவிடும், ருசி பார்த்து ஒவ்வொரு லொட்டுக்கும் இதுதான் எங்கள் எல்லை என்று எழுதிவிடுவோம். அந்தப் பழக்கம் எனக்குக் கைவந்தது, அதனால் ஃபேன்டசி ஏலத்துக்கும் தாளோடு போனேன். மற்ற ஏழு பேரில் தாளோடு வந்தவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவரிடம் இருந்தது வெறும் பெயர்ப் பட்டியல். இது எனக்குப் பெரிய பலம் என்று நினைத்தேன். பலம்தான். ஆனால் தேயிலையிலிருந்து இன்னொரு பழக்கத்தையும் கூடவே கொண்டு போயிருக்கிறேன், அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

தாளில் விலை எழுதிய விதம்

ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதை வைத்து விலை போடக் கூடாது. அவரை விட்டுவிட்டால் ஒரு ரூபாவுக்குக் கிடைக்கும் ஆள் எத்தனை எடுப்பார், அதற்கு மேல் இவர் எத்தனை கூட எடுப்பார், அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து மிட்ஃபீல்டர், ஆக நாற்பது பேர் விற்பார்கள். நாற்பத்தோராவது மிட்ஃபீல்டர் 100 புள்ளி எடுப்பார் என்று வைத்தேன். சலா முந்திய சீசனில் 211 எடுத்திருந்தார், நான் 210 என்று வைத்தேன். வித்தியாசம் 110. இப்படி 120 பேருடைய வித்தியாசத்தையும் கூட்டினால் என் கணக்கில் 3,080 வந்தது.

இப்போது காசு. அறையில் மொத்தம் 1,600 ரூபா. 120 பேருக்கும் ஆளுக்கு ஒரு ரூபா கட்டாயம் போகும், மிச்சம் 1,480. அதை 3,080ஆல் பிரித்தால், கூடுதலாக வரும் ஒரு புள்ளிக்கு 48 சதம். சலாவின் 110ஐ 48 சதத்தால் பெருக்கி, அந்தக் கட்டாய ஒரு ரூபாவையும் கூட்டினால் 54. ஹாலண்டுக்கு 230 புள்ளி என்று வைத்தேன், ஃபோர்வர்ட்களில் ஒரு ரூபா ஆளுக்கு 103, அதனால் அவருக்கு 62. இப்படியே எல்லோருக்கும் எழுதினேன். இரண்டு இரவு எடுத்தது. கணக்கில் பிழை இல்லை, பெருக்கலும் கூட்டலும் சரி. கணக்குக்குள் போன இலக்கங்களில்தான் பிழை, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹாலண்ட் 83

முதல் பெயரைக் கொட்டாஞ்சேனை அண்ணை சொன்னார், எர்லிங் ஹாலண்ட். 40 வரை ஒரே மூச்சில் போனது, 50க்குப் பிறகு மூன்று பேர், நான் 61 கேட்டு 62க்கு விட்டேன். தெஹிவளைத் தம்பியும் மவுன்ட் லவினியாக்காரரும் விடவில்லை. 70, 75, 80. கடைசியில் தெஹிவளைத் தம்பிக்கு 83. அறை முழுக்கக் கூச்சல். இருநூறில் எண்பத்துமூன்று ஒரே ஆளுக்கா, பதினாலு பேருக்கு 117தானே மிச்சம் என்று எல்லோரும் அவனைப் பிடித்து வாட்டினோம், நானும்தான். என் தாளின்படி 21 ரூபா அதிகம். பல பேர் ஒரே பொருளுக்கு விலை மதிக்கும்போது எல்லோரிலும் கூட மதித்தவன்தான் வெல்கிறான், அதனால் வென்றவன் பெரும்பாலும் கூடக் கொடுத்தவனாகத்தான் இருப்பான். அமெரிக்க எண்ணெய்க் கம்பனிப் பொறியியலாளர்கள் மூன்று பேர் 1971இல் எண்ணெய் வயல் ஏலங்களைப் பார்த்து இதை எழுதினார்கள், வென்றவனின் சாபம் என்று இன்று சொல்கிறார்கள். தெஹிவளைத் தம்பிக்கு அந்தச் சாபம் பிடித்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த 83தான் அடுத்து வந்த சலாவின் விலையை இறக்கியது. ஒரு பெரிய விலை விழுந்தவுடன் அறை பயந்துபோகும், அடுத்தவனை நாமும் அப்படி வாங்கிவிடக் கூடாது என்று எல்லோரும் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அதோடு சலாவுக்கு 32 வயது, ஒப்பந்தத்தில் கடைசி வருஷம், லிவர்பூல் பயிற்சியாளர் கிளொப் போய் ஆர்னே ஸ்லொட் புதிதாக வந்திருக்கிறார். காரணம் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆனால் அந்தக் காரணங்களை எல்லாம் போட்டுத்தானே நான் 54 என்று எழுதினேன்? அறைக்குள் வந்த பிறகு அதே காரணங்களை இரண்டாம் தரமும் கழித்திருக்கிறேன்.

அந்த அரை நிமிஷத்தில் என் மனதில் ஓடியதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். தேயிலை வாங்கும்போது ஒரு லொட் கைநழுவினால் எனக்குப் பதற்றம் வராது. அதே தரத்தில் இன்னொரு லொட் வரும், இந்தக் கிழமை இல்லாவிட்டால் அடுத்த கிழமை வரும், வாங்காத காசு கம்பனியின் கணக்கில் அப்படியே இருக்கும். பொறுமையாக இருப்பவனுக்கு அங்கே நட்டமில்லை. வருஷக்கணக்காக எனக்குள் ஊறியது இதுதான். இங்கே அடுத்த கிழமை ஏலம் கிடையாது. அன்றிரவு எட்டு மணிக்குக் கையில் மிஞ்சும் காசுக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. பொறுமைக்கு இங்கே விலை உண்டு, நான் அதை இலவசம் என்று நினைத்துவிட்டேன்.

நடுப்பகுதி, நான் ராஜாவாக இருந்த நேரம்

இதற்குப் பிறகு நான் செய்ததில் பாதி சரியானது, அதையும் சொல்ல வேண்டும்.

என் முறை வரும்போதெல்லாம் எனக்கு வேண்டாத பெரிய பெயர்களைச் சொன்னேன். முதலில் ஃபோடன். முந்திய சீசனில் பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர், எல்லோருக்கும் ஆசை, ஆனால் ஜூலை 14 வரை ஜெர்மனியில் இங்கிலாந்துக்காக யூரோ இறுதிப் போட்டி ஆடிவிட்டு வந்தவர், களைத்துப்போயிருப்பார் என்று எனக்குப் பட்டது. 45க்குப் போனார். பிறகு சன், 36க்குப் போனார். ஆரம்பத்தில் எல்லோர் கையிலும் காசு இருக்கும்போது, நமக்கு வேண்டாதவர்களுக்கு அது செலவாக வேண்டும். நமக்கு வேண்டிய பெயரை நாமே முதல் மணித்தியாலத்தில் சொல்வது நல்லதல்ல, சின்னப் பெயராக இருந்தால் அறவே கூடாது. ஒருவரும் நினைக்காத பெயரைச் சொன்னால் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது நாம்தான்.

நாற்பது பேர் விற்று முடிந்தபோது பிளேன்டீக்கும் ரோல்ஸுக்கும் பதினைந்து நிமிஷம் நிறுத்தினோம். எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் கணக்குப் போட்டேன். அதுவரை செலவான காசு 960. அதே நாற்பது பேருக்கு என் தாளில் மொத்தம் 880. ஆக, எண்பது ரூபா கூடக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது 640 ரூபா, மிச்சம் இருக்கும் எண்பது பேரின் பெறுமதி என் தாளில் 720. 640ஐ 720ஆல் பிரித்தால் 0.89. அதாவது இனி ஒரு ரூபாப் பொருள் 89 சதத்துக்கு வரும். இந்த ஒரு இலக்கத்தை ஏலத்தின் நடுவில் இரண்டு மூன்று தடவை கணக்குப் போடுபவர், தாளை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பவரைவிட நன்றாக வாங்குவார். ஒன்றுக்குக் கீழே போனால் பொருள் மலிவு, அப்போது வாங்க வேண்டும். ஒன்றுக்கு மேலே நின்றால், அதாவது ஆரம்பத்தில் எல்லோரும் இறுக்கிப் பிடித்து நல்லவர்கள் மலிவாகப் போயிருந்தால், மிச்சக் காசெல்லாம் கடைசிச் சில பேர் மேல் வந்து விழும், அப்போது காத்திருப்பவன் நொந்துபோவான்.

என்னிடம் அப்போது நான்கு பேர்: வொட்கின்ஸ் 38, ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் 18, ராயா 8, பெட்ரோ பொரோ 6. மொத்தம் 70. கையில் 130 ரூபா, பதினொரு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ரூபா ஒதுக்க வேண்டும் என்பதால் நான் ஒரே ஆளுக்குக் கேட்கக்கூடிய ஆகக் கூடிய விலை 120. அறையில் வேறு ஒருவரும் எனக்குக் கிட்ட இல்லை. இனி யார் வந்தாலும் நான் நினைத்தால் என்னுடையவர்.

ஆனால் இனி யார் வருவார்கள்? 50 ரூபாவுக்கு மேல் பெறுமதியானவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அறையிலேயே பெரிய பணக்காரனாக நான் இருக்கிறேன், வாங்குவதற்கு இருப்பது நடுத்தரம்.

நடுத்தரத்தை வாங்கினேன். பொவன் 24, ஹாவர்ட்ஸ் 19, லூயிஸ் டியாஸ் 15, எம்பூமோ 14, எஸே 12, டிஃபெண்டர் கப்ரியேல் 9. எல்லோரும் தாளின் விலைக்குக் கீழேதான். எம்பூமோவை மட்டும் யோசித்து வாங்கினேன் என்று சொல்லலாம்: ஐவன் டோனி பிரென்ட்போர்டை விட்டுப் போகப் போகிறார் என்ற பேச்சு இருந்தது, முந்திய சீசனில் டோனி தடையில் இருந்தபோது பெனால்டி அடித்தது எம்பூமோதான். அன்றைய ஏலத்தில் டோனியைக் கொட்டாஞ்சேனை அண்ணை 16க்கு எடுத்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் டோனி சவூதிக்குப் போய்விட்டார்.

ஹாவர்ட்ஸ் என் பிழை. அவர் எனக்குத் தேவையில்லை, மவுன்ட் லவினியாக்காரர் 18க்குக் கேட்டார், மலிவாக விடக் கூடாது என்று நான் 19 என்றேன், அவர் 20 சொல்வார் என்று எதிர்பார்த்து. அவரிடம் மிச்சம் 27 ரூபா, வாங்க வேண்டியது பத்துப் பேர். மற்ற ஒன்பதுக்கு ஒன்பது ரூபா ஒதுக்கினால் அவரால் கேட்கக்கூடிய ஆகக் கூடிய விலையே 18. அவரால் 20 சொல்லவே முடியாது. என் கொப்பியிலேயே அந்த இலக்கங்கள் இருந்தன, பார்க்கவில்லை. அடுத்தவருக்கு விலை ஏற்றிவிட நினைப்பவர், அவரிடம் ஏறுவதற்குக் காசு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு கடைசி நாற்பது பேர். அந்த நேரத்தில் எல்லோரும் களைத்துவிட்டார்கள், பாதிப் பேரிடம் ஒரு ரூபாக் காசுதான் இருக்கிறது. கிறிஸ் வூட் 3, செமென்யோ 2, முனியோஸ் 2, மிலென்கோவிச் 1, காப்பாளர் செல்ஸ் 1. பதினைந்து பேர் நிரம்பிவிட்டார்கள். என் கையில் 28 ரூபா மிச்சம்.

அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவில்லை. சிக்கனமாக முடித்துவிட்டேன் என்று சந்தோஷம்தான். இரவு வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திரும்பப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது: பொவனுக்குக் கொடுத்த 24, மிஞ்சிய 28, கூட்டினால் 52. மற்ற பதினாலு பேரில் ஒருவரையும் விடாமல், ஒரு சதமும் குறைக்காமல், பொவனுக்குப் பதிலாக 52 வரை சலாவைக் கேட்டிருக்கலாம். நான் 48இல் நின்றேன். 52 கேட்டிருந்தால் பம்பலப்பிட்டிக்காரன் விட்டிருப்பானா? அவனிடமே கேட்டேன். “தெரியாது மச்சான், நான் எல்லை எதுவும் வைக்கவில்லை, நீ கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்” என்றான். அதுதான் உண்மையான பதில் என்று நினைக்கிறேன். அவன் 55 வரை வந்திருந்தால்கூட, அந்த ஆறு ரூபா அவனுடைய வேறு யாரோ ஒருவரைக் குறைத்திருக்கும்.

சீசனில் நடந்தது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கு ஞாபகம் இருக்கும். ஹாலண்ட் முதல் ஐந்து ஆட்டத்தில் 10 கோல். இப்ஸ்விச்சுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் அடுத்தடுத்து ஹாட்ரிக். செப்டெம்பரில் லீக் தெஹிவளைத் தம்பிக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பிறகு அவனுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக அடி. அவன் 47க்கு எடுத்த சாகா டிசம்பரில் தொடைத்தசை கிழிந்து ஏப்ரல் வரை இல்லை, டி புருய்ன இலையுதிர் காலத்தில் காயம், மார்ச் முடிவில் ஹாலண்டுக்குக் கணுக்கால். ஹாலண்ட் 22 கோலோடு முடித்தார், தம்பி ஐந்தாவது.

என் பக்கம், எம்பூமோ 20 கோல், 236 புள்ளி, பதினாலு ரூபாவுக்கு. கிறிஸ் வூட்டும் 20 கோல், மூன்று ரூபாவுக்கு. செமென்யோ 11. ஒரு ரூபா செல்ஸ், ராயாவோடு சேர்ந்து 13 ஆட்டத்தில் கோல் வாங்காமல் சிறந்த காப்பாளருக்கான தங்கக் கையுறை விருதைப் பகிர்ந்துகொண்டார், இரண்டு பேரும் என்னிடம். பொவன் 13 கோல், நன்றாகத்தான் ஆடினார். ஹாவர்ட்ஸ் 9 கோலோடு பெப்ரவரியில் தசை கிழிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இதை வைத்து நான் பல மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தது: மலிவாக வாங்கியதால்தான் இரண்டாவதாக வந்தேன், ஹாலண்டுக்கு 83 கொடுத்ததால்தான் தம்பி ஐந்தாவது. அது சரியில்லை. சாகாவின் தொடைத்தசையை வைத்து ஓகஸ்ட் மாதத்து ஏலத்தை மதிப்பிட முடியாது. அன்று அறையில் எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் வைத்துத்தான் விலை சரியா பிழையா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் என் தாளே இடிந்தது.

திரும்பப் போட்ட கணக்கு

விதிகளில் இரண்டை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன். புள்ளி எண்ணப்படுவது பதினொரு பேருக்குத்தான், கிழமைக்கு ஒருவரை வெளியிலிருந்து மாற்றலாம்.

என் தாளில் 120 பேரையும் ஒரே மாதிரி எடுத்து, நாற்பத்தோராவது மிட்ஃபீல்டரை அடிமட்டமாக வைத்தேன். ஆனால் ஒவ்வொருவரிடமும் நாலு பேர் அந்தப் பதினொரு பேருக்கு வெளியில் குந்தியிருப்பார்கள், அந்த முப்பத்திரண்டு பேருக்கு ஒரு ரூபாவுக்கு மேல் கொடுப்பது வீண். உண்மையான அடிமட்டம் நாற்பத்தோராவது ஆள் இல்லை, அதற்கு மேலே. அதோடு விற்காமல் மிஞ்சியவர்களில் யாராவது ஒவ்வொரு மாதமும் சூடுபிடிப்பார், அவரை எடுத்துவிடலாம், மோசமானவரைக் கழற்றிவிடலாம். ஆக, ஒரு ரூபா இடம் ஒன்று சீசன் முழுக்கத் தரும் புள்ளி 100 இல்லை, 120 என்று வைப்பதுதான் நியாயம். ஃபோர்வர்டுக்கும் அப்படியே இருபதைக் கூட்டினேன்.

இருபது புள்ளிதானே, என்ன பெரிய மாற்றம் என்று நானும் நினைத்தேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 210 எடுப்பார் என்று வைத்த சலாவின் வித்தியாசம் 110இலிருந்து 90க்கு இறங்குகிறது. 140 எடுக்கும் ஒரு நடுத்தர மிட்ஃபீல்டரின் வித்தியாசமோ 40இலிருந்து 20க்கு, அதாவது பாதியாக. கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் போகிறது. எல்லோருடைய வித்தியாசத்தையும் கூட்டினால் 3,080 இப்போது 1,900. காசு மட்டும் அதே 1,480. ஒரு புள்ளிக்கு 48 சதம் என்பது 78 சதமாகிறது.

சலா: 90ஐ 78 சதத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 71. அந்த நடுத்தர ஆள்: முன்பு 20 ரூபா, இப்போது 17கூட இல்லை.

ஹாலண்ட்: 84.

கொப்பியில் இந்த இலக்கம் வந்தபோது நான் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் சரிபார்த்தேன். 83க்கு எடுத்தவனை நாங்கள் எட்டு மாதம் வாட்ஸ்அப் குழுவில் வாட்டியிருக்கிறோம். அவன் சரியான விலைக்கு, ஒரு ரூபா மலிவாகவே வாங்கியிருக்கிறான். அவனிடம் தாள் இல்லை, எனக்கு ஹாலண்ட் வேண்டும் என்று மட்டும் நினைத்துக் கேட்டான். நான் இரண்டு இரவு கணக்குப் போட்டு 62இல் நின்றேன்.

இதே தாளைப் பன்னிரண்டு பேர் ஆடும் லீக்குக்குக் கொண்டு போகாதீர்கள். பன்னிரண்டு பேர் என்றால் 180 வீரர்கள் விற்பார்கள். இருபது கிளப்புக்கும் வாரம் 220 பேர்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், அதில் 180 போனால் வெளியில் மிஞ்சுபவர்கள் கிழமைக்குக் கிழமை உட்கார்ந்திருப்பவர்கள். அங்கே ஒரு ரூபா ஆள் உண்மையிலேயே மோசமான ஆள், அதனால் நடுத்தரத்துக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. எட்டுப் பேர் ஆடும்போது நல்ல வீரர்கள் நூறு பேர் வெளியில் நிற்கிறார்கள். வூட்டும் செமென்யோவும் மூன்றுக்கும் இரண்டுக்கும் வந்தது என் கெட்டித்தனம் இல்லை, எட்டுப் பேர் லீக்கில் அப்படி ஆட்கள் ஒவ்வொரு வருஷமும் மிஞ்சுவார்கள். அவர்கள் வூட்டாக இருப்பார்களா வேறு யாராக இருப்பார்களா என்பது மட்டும்தான் தெரியாது. ஆனால் ஹாலண்ட் போலவும் சலா போலவும் ஆடுபவர் வெளியில் மிஞ்சவே மாட்டார். அப்படியானால் காசு போக வேண்டியது மேலே இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு, மிச்ச இடங்களுக்கு மூன்று, இரண்டு, ஒன்று. 15க்கும் 25க்கும் இடையில் கொடுக்கும் விலைதான் எட்டுப் பேர் லீக்கில் ஆக மோசமான விலை, நான் 130இல் 58ஐ அங்கேதான் பரப்பினேன்.

அப்படியானால் என் நடு ஏலக் கணக்கும், அந்த 0.89உம்கூடப் பாதி பொய். மலிவு என்று நான் பார்த்தது பிழையான தாளை வைத்துப் பார்த்த மலிவு. புதிய தாளின்படி அந்த நாற்பது பேரும் 960க்குப் போனது கூடுதல் விலையே இல்லை, ஆரம்பத்தில் விற்ற பெரியவர்கள்தான் மலிவு, பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் நல்ல வியாபாரம் முடிந்துவிட்டிருந்தது.

இதையெல்லாம் மாமாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கு வீரர்களின் பெயர் இன்னும் பிடிபடவில்லை, ஆனால் 28 ரூபா மிச்சம் என்ற வரியைப் பார்த்ததும் நிறுத்தி, “இந்தக் காசை என்ன செய்தாய்?” என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது, ஏலம் முடிந்தால் அது போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நீ ஏன் தம்பி தேயிலை வாங்குகிற மாதிரி வாங்கினாய்?” என்றார். அவர் கேட்கும் வரைக்கும் எனக்கு அந்தத் தொடர்பு தோன்றவில்லை. மேலே அரை நிமிஷத்தைப் பற்றி எழுதினேனே, அது அவருடைய கேள்விக்குப் பிறகு எனக்கு விளங்கியது.

புதிய தாளில் இப்போது மூன்று மாற்றம் செய்திருக்கிறேன். வெளியில் குந்தும் நாலு பேருக்கு விலை ஒன்று, அதை மாற்ற முடியாமல் பூட்டிவிட்டேன். எட்டுப் பேரும் அந்தந்த நேரத்தில் கேட்கக்கூடிய ஆகக் கூடிய விலை மேல் வரிசையில் தானாகவே வரும், ஹாவர்ட்ஸ் மாதிரி இன்னொருவர் என் தலையில் விழக் கூடாது. முதல் பத்துப் பெயருக்கு மட்டும் இரண்டு விலை: ஒன்று என் எல்லை, மற்றது நான் கட்டாயம் கேட்டே ஆக வேண்டிய விலை, அதற்குக் கீழே வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு அனுமதி இல்லை. இரண்டாவது விலையைத்தான் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். எல்லையைத் தாண்டுவது எனக்கு வராத வியாதி, முன்னமே நின்றுவிடுவதுதான் எனக்கு வருவது. உங்களுக்கு மற்றது வருமென்றால் மற்றதைத் தடிப்பாக்குங்கள்.

தெஹிவளைத் தம்பிக்குப் போன் எடுத்து, ஹாலண்டின் 83 சரியான விலை, நாங்கள்தான் பிழை என்று சொன்னேன். முழுக் கணக்கையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். “அதை அன்றைக்கே சொல்லியிருந்தால், நான் சாகாவுக்கும் பயப்படாமல் கேட்டிருப்பேன் அண்ணா” என்றான். சாகாவை அவன்தான் எடுத்தான் என்று ஞாபகப்படுத்தினேன். “எடுத்தேன், 47க்கு. ஆனால் அதற்கு முதல் பாமரை விட்டுவிட்டேனே, எல்லோரும் கத்தினதால்” என்றான். பாமர் போனது 52க்கு. புதிய தாளில் அவருக்கு எதிரே இருந்த இலக்கத்தை அவனுக்கு நான் சொல்லவில்லை.